என்னைத்தான் காணோம்

திருநெல்வேலி டவுணில் இருந்துகொண்டு பிரேமலதாவின் குரலைக் கேட்டதில்லை என்று யாராவது சொன்னால், அவர் தன் காதை ஒரு டாக்டரிடம் காட்டுவது நல்லது. ரதவீதி ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடியா, சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவா, உள்ளாட்சித் தேர்தலா, எல்லாவற்றுக்கும் அவள் குரல்தான். காலையில் ஒரு வேட்பாளருக்கும் மாலையில் அவரை எதிர்த்து நிற்பவருக்கும் உருகி உருகி ஓட்டுக் கேட்டிருக்கிறாள். உருக்கத்தில் துளி வித்தியாசம் இருக்காது. தமிழில் எம்.ஏ. படித்தவள். வாத்தியார் வேலை இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று காத்துக்கிடந்த காலத்தில், நிறுத்தத்தில் நிற்காமல் போன டவுண் பஸ்ஸைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தை மைக் செட் கடை அப்பாத்துரை அண்ணாச்சி கேட்டார். பஸ் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் வந்த லாரியும் நின்றுவிட்டது. இந்தத் தொண்டைக்கு மைக் தேவையில்லைதான், ஆனாலும் வாங்கி வைத்த மைக்கை நான் என்ன செய்ய என்று சொல்லி அன்றைக்கே வேலை கொடுத்தார்.

விசேஷ நாள்களில் திருச்செந்தூர்க் கடற்கரையில் ஒரு பக்தர் சங்கம் பந்தல் போடும். கூட்டத்தில் தொலைந்தவர்களைச் சேர்த்து வைக்கிற பந்தல். அண்ணாச்சியின் மைக், பிரேமலதாவின் குரல், துணைக்கு ஒரு போலீஸ். அவளுக்கு இந்த வேலைதான் உயிர். ஏனென்றால், கல்லூரியில் அவள் உருப்போட்ட வேற்றுமை உருபுகள் எல்லாம் இங்கேதான் அழுதுகொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் நேரில் வந்தன.

பதறி வருகிறவர்களுக்கு வாயில் பெயர்கள்தான் வரும், வாக்கியம் வராது. முருகேசன், அக்கா, கிணறு, செல்வி, பஸ்ஸு என்று கொட்டிவிட்டு விழிப்பார்கள். தொலைந்தது செல்வியா முருகேசனா என்று அந்தச் செந்திலாண்டவனுக்கே தெரியாது. பிரேமலதா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பாள். பிறகு பைய ஆரம்பிப்பாள். யார் தேடுகிறது? யாரை? யாரோடு வந்தாள்? எந்த ஊரிலிருந்து? யாருடைய மகள்? கடைசியாக எங்கே பார்த்தது? கேட்கக் கேட்க ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வால் முளைக்கும். செல்வியை, அக்காவோடு, கிணற்றடியில், முருகேசனின் மகள். வால் முளைத்துவிட்டால் போதும், யார் எங்கே நிற்க வேண்டும் என்று பெயர்களுக்கே தெரிந்துவிடும். கடைசி வேற்றுமை விளி, ஆளைக் கூப்பிடுவது. அதற்குக் கேள்வி கிடையாது. அதற்குத்தான் மைக் இருக்கிறது.

பந்தலில் அவளோடு உட்காரும் போலீஸ்காரி கமர் நிஷாவுக்கு இந்தக் கிறுக்கு பிடித்துப்போய்விட்டது. கூட்டம் குறைந்த நேரங்களில் இரண்டு பேரும் சுக்குக்காப்பியை ஊதிக்கொண்டு இதையே பேசுவார்கள். நம் சொற்களெல்லாம் டவுண் பஸ்ஸில் போகிறவை, டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னாலும் உட்காரும், பின்னாலும் உட்காரும். இங்கிலீஷ் சொற்கள் ரிசர்வேஷன் பெட்டிக்காரர்கள், சீட்டு மாறி உட்கார்ந்தால் ஆளே மாறிவிடுவார் என்பாள் பிரேமலதா. கமர் நிஷா பந்தோபஸ்தில் யார் எங்கே நின்றால் என்ன என்று இந்த உதாரணத்தையே சொல்லிப் பார்த்துவிட்டு, இன்ஸ்பெக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பிரேமலதா அங்கே உட்கார்ந்து கண்டுபிடித்த இன்னொன்றும் உண்டு. வடநாட்டு அம்மா ஒருத்தி வந்தால் 'பேட்டா கோ கயா' என்பாள். அந்த ஊர்ப் பேச்சில் மகன்தான் வாக்கியத்தின் தலைவன், அவனே போய்த் தொலைந்தான், பழி அவன்மேல். நம் ஆட்கள் அப்படிச் சொல்வதில்லை. மகனைக் காணோம் என்பார்கள். யார் காணவில்லை? நாங்கள். அந்த நாங்கள், வினைச்சொல்லின் கடைசி 'ஓம்'முக்குள் சுருண்டு ஒளிந்துகொண்டிருக்கும். பையன் கையை விட்டுவிட்டு வளையல் கடையில் நின்றது யார் என்று கேட்டால்தான் மெதுவாகத் தலையை நீட்டும். எப்படியும் ஒன்று மட்டும் நிச்சயம். எந்தப் பாஷைக்காரரும் தொலைந்தது நான் என்று சொன்னதில்லை. அம்மாவைப் பிரிந்து வரும் மூன்று வயதுப் பிள்ளைகூட 'எங்கம்மாவைக் காணோம்' என்றுதான் சொல்லும். தான் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறோம், உலகம்தான் இடம் மாறிவிட்டது என்பது அதன் கட்சி.

இதெல்லாம் சரி, அவளுக்குள் ஒரு முள் இருந்தது. அது கல்யாணப் பேச்சு.

முப்பதைத் தாண்டிவிட்டாள். அம்மா பேச்சித்தாய் வரன் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனாள். மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், பெண்ணைப் பார்ப்பார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்பார்கள், அல்லது ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று கேசரியைத் தின்றுவிட்டுப் போவார்கள். பெண்ணை, பெண்ணை, பெண்ணை. இந்த வீட்டில் நான் இரண்டாம் வேற்றுமையிலேயே கிடந்து சாகிறேன் என்று கமர் நிஷாவிடம் பொருமுவாள் பிரேமலதா. ஒரே ஒரு தடவை நான் ஓர் ஆளைப் பார்க்க வேண்டும். பார்க்கப்படுகிறோம் என்று தெரியாமல் அவன் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி நடந்தால் கல்யாணம், இல்லையென்றால் மைக்கே துணை. இதை அம்மாவிடம் சொன்னபோது பேச்சித்தாய், இந்தச் சனியனைத் தமிழ் படிக்க வைத்ததே தன் புத்திகெட்டதனம் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வைகாசி ஞாயிற்றுக்கிழமை பேச்சித்தாய் ஒரு வேலை செய்தாள். ஏரலில் ஒரு வரன் வந்திருந்தது. வீட்டுக்குக் கூப்பிட்டால் மகள் முரண்டு பிடிப்பாள், லீவும் போட மாட்டாள். அதனால் கோயிலிலேயே பார்த்துவிடுவது என்று ஏற்பாடு. நம் பக்கத்தில் இது உள்ளதுதான். இரண்டு குடும்பமும் சாமி கும்பிட வந்ததுபோல வரும், தற்செயலாக எதிர்ப்படும், நீங்களா, அடடா, நாங்களும் இப்பத்தான் என்று ஆச்சரியப்படும். பெண் தேங்காய்த் தட்டோடு நிற்பாள். பிடித்தால் பேச்சு வளரும். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்டதாக ஆகிவிடும், யாருக்கும் தலைகுனிவு இல்லை. ஒரே நிபந்தனை, பெண் பார்க்க வந்தோம் என்று ஒருவரும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது. மகள் மைக்கில் கத்துகிறவள் என்பதையும் பேச்சித்தாய் சொல்லவில்லை. தமிழ் எம்.ஏ., வாத்தியார் வேலைக்குக் காத்திருக்கு என்று நிறுத்திக்கொண்டாள். மகளிடம், சாயங்காலம் ஒரு மணிநேரம் எழுந்து வா, சேலை நான் கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, மயில்கழுத்துப் பட்டைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்து மண்டபத்து நிழலில் காவல் கிடந்தாள். போட்டோவைக்கூடப் பிரேமலதா பார்க்கவில்லை. பையன் சுருட்டை முடி, பெயர் மணிராஜ் என்பது மட்டும் காதில் விழுந்திருந்தது.

மத்தியானம் கோமு என்று ஒரு பெரியம்மா வந்து வீட்டுக்காரரைக் காணோம் என்றாள். பெயர் கேட்டால் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறைந்துவிடும். பிரேமலதாவுக்கு இது பழகின சங்கதி. சாமி பேரா, எந்தச் சாமி, மலையில் இருக்கிறவரா, கடலில் இருக்கிறவரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். "நம்ம டவுண்ல பெரிய கோயில்ல இருக்காவல்லா, அவியதான்" என்று கோமு வெட்கப்பட்டாள். 'திருநெல்வேலி டவுணைச் சேர்ந்த நெல்லையப்பன் அவர்களே' என்று மைக் முழங்கியதும், பந்தலுக்குப் பின்னாலேயே துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்த நெல்லையப்பன் எழுந்து வந்தார். இத்தனைக்கும் பிரேமலதாவின் அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியும் பேச்சித்தாய் இன்னும் அவர் பெயரைச் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மகள் பக்கம்தான் கையைக் காட்டுவாள்.

கோமு தம்பதி போன கையோடு ஒருவன் வந்தான். ஈர வேட்டி, தோளில் ஈரத் துண்டு, அப்போதுதான் மொட்டையடித்துச் சந்தனம் அப்பிய தலை. கடற்கரை முழுக்க அதேபோல ஆயிரம் தலைகள். இதில் ஒன்றும் விசேஷம் இல்லை. பிரேமலதா தண்ணீர் டம்ளரை நீட்டி, யாரைக் காணோம் என்றாள்.

"என்னைத்தான் காணோம்" என்றான்.

அவள் டம்ளரை மேஜையில் வைத்தாள். தொலைந்தது நீங்களா, உங்கள் வீட்டு ஆட்களா என்று இன்னொரு தடவை தெளிவாகக் கேட்டாள்.

"நான்தாங்க. அவிய எல்லாரும் ஒண்ணாத்தான் நிப்பாவ. தனியா நிக்கது நான் ஒருத்தன்தானே. அப்போ தொலைஞ்சது நான்தான்."

பிரேமலதா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். எத்தனை திருவிழா, எத்தனை கூட்டம்! ஒளிய இடம் இருந்தும் ஒளியாமல், தன்னைத் தானே இரண்டாம் வேற்றுமையில் கொண்டுவந்து நிறுத்தின முதல் மனுஷன் இவன்தான். சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரியாமல் கூந்தலைச் சரிசெய்தாள். கமர் நிஷா இதைக் கவனித்துவிட்டுக் காப்பி டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

விவரம் கேட்டாள். செல்போனும் சட்டையும் அக்கா பையில், அக்கா எங்கே என்றுதான் தெரியவில்லை. நம்பர் யாருடையதும் மனப்பாடம் இல்லை. ஊர் ஏரல். தொழில் என்ன என்று கேட்டாள். அறிவிப்புக்குத் தொழில் வேண்டியதே இல்லை. எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறேன் என்றான். மொட்டை எதற்கு என்றாள். அதுவும் அறிவிப்புக்கு வேண்டாதது. அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். பெண் அமைந்தால் முடி கொடுக்கிறேன் என்று அம்மா நேர்ந்திருக்கிறாள். அமைந்த பிறகு கொடுக்க வேண்டிய முடி. கோயிலுக்கு வந்தாயிற்றே, முதலில் அதை முடித்துவிடுவோம் என்று, எல்லாரும் கடலில் குளித்துக்கொண்டிருந்தபோது இவனே போய் உட்கார்ந்து இறக்கிவிட்டான். வெளியே வந்தால் கூட்டத்தில் அவனுக்கு அவர்களைத் தெரியவில்லை. அவர்கள் தேடுவதோ சுருட்டை முடிக்காரனை. இரண்டு தடவை அக்கா எதிரிலேயே வந்து, இவன் கூப்பிடுவதற்குள் கூட்டத்தோடு தாண்டிப் போயிருக்கிறாள்.

"வெளிய சொல்லிராதீங்க. தற்செயலாப் பொண்ணு பாக்க வந்திருக்கோம்" என்றான்.

பெண் யார் என்று கேட்டது கமர் நிஷா. பிரேமலதாவுக்குத்தான் தொண்டை அடைத்துவிட்டதே. அந்தத் தொண்டை அடைத்தது அதுதான் முதல் தடவை. டவுண் பிள்ளை, பிரேமலதா என்று பெயர், தமிழில் எம்.ஏ. என்றான் மணிராஜ். கமர் நிஷாவுக்குப் புரையேறி, காப்பி காக்கிச் சட்டையில் கொட்டியது. போட்டோ பார்த்தீர்களா என்று அவள் விடாமல் கேட்க, பார்த்தேன், ஸ்டுடியோக்காரன் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுப்பாக்கி வைத்திருக்கிறான், நேரில் எப்படியும் வேறு மாதிரித்தான் இருக்கும் என்றான். வேறு மாதிரி இருந்தவள் மைக்கைத் துடைப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்குக் கொடை மேளம் அடித்தது. ஐயா, நடந்துவிட்டதே! அவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவள் பார்க்கிறாள். காது மடலில் சந்தனம் வழிந்து காய்ந்திருப்பதைப் பார்க்கிறாள், விரல் நுனியில் தாமிரக் கம்பி கீறிய தழும்பைப் பார்க்கிறாள், பந்தலில் கொடுத்த காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்க்கிறாள். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பெண்ணுக்கு உங்களைப் பிடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

"முடி முளைச்சிரும்" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்தான். "ஆனா அந்தப் பிள்ளைகிட்ட இதுவரைக்கும் யாராவது கேட்டாவளான்னு தெரியல. இன்னைக்கு நான் கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள தொலைஞ்சுட்டேன்."

பிரேமலதா அவன் டம்ளரில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள். இப்படியே இவனை உட்காரவைத்துப் பேசிக்கொண்டே இருக்கலாம் என்று ஆசை. கமர் நிஷா காதருகே குனிந்து, கண்டெடுத்த ஆளை ஒப்படைக்காமல் நீயே வைத்துக்கொள்ளப் போகிறாயா, அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று ஸ்டேஷனில் கேட்டுச் சொல்லட்டுமா என்றாள். வேறு வழியில்லை. சுவிட்சைப் போட்டாள். ஏரல் மாடக்கண்ணு அவர்களே, உங்கள் மகன் மணிராஜ், தலையில் முடி இல்லாமல், சந்தனத்தோடு, உங்களால், உங்களுக்கு, என்று உருபுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உருண்டன. கடற்கரைக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஏரலும் மணிராஜும் காதில் விழ வேண்டியவர்களுக்கு விழுந்துவிட்டது.

முதலில் ஓடிவந்தது பேச்சித்தாய். கையில் பட்டுச்சேலைப் பை. அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்த மொட்டையை அவள் ஆளாகவே மதிக்கவில்லை. நேரே மகளிடம் போய், ரகசியம் என்று நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னாள்.

"ஏட்டி பிரேமா, மாப்பிள்ளை தொலைஞ்சு போயிட்டாராம்லா? நீயே மைக்குல சொல்லிட்டு இங்கன உக்காந்திருக்க? எந்திரி, அவிய வாரதுக்குள்ள சீலையக் கட்டு."

மணிராஜ் டம்ளரைக் கீழே வைத்தான். மைக்கைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தன் ஈர வேட்டியைப் பார்த்தான். கை தானாகப் போய்த் தலையைத் தடவியது. தான் சொன்னதையெல்லாம் அவன் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. சுண்ணாம்புக்கு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டான்.

ஏரல்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். மகனின் தலையைக் கண்டதும் அம்மா, பெண் அமையும் முன்பே முடியைக் கொடுத்துவிட்டாயே பாவி என்று உட்கார்ந்துவிட்டாள். மாடக்கண்ணு மைக்கையும் அதன் முன்னால் இருந்த பெண்ணையும் போலீஸையும் மாறி மாறிப் பார்த்தார். தற்செயலாகச் சந்திக்கத் திட்டமிட்டிருந்தவர்கள் நிஜமாகவே தற்செயலாகச் சந்தித்துவிட்டதால் யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. மைக் வேலை வெளியே தெரிந்துவிட்டதே, இந்த வரனும் போச்சு என்று பேச்சித்தாய் பட்டுச்சேலைப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் மாடக்கண்ணு, எல்லாத் தகப்பனும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"ஏலே, பொண்ணப் பாத்தாச்சுல்லா? பிடிச்சிருக்கா?"

மணிராஜ் எழுந்து நின்றான். "எங்கிட்ட ஏன் கேக்கீய? பாத்தது அவங்கதான். அவங்ககிட்ட கேளுங்க."

நம் ஊர் வழக்கத்தில் அந்தக் கேள்வி திரும்புகிற திசையே கிடையாது. எல்லாரும் திகைத்தார்கள். அவகிட்ட என்னத்தக் கேக்கது என்று பேச்சித்தாய் முனகினாள். கேளுங்க என்றாள் கமர் நிஷா. லத்தியை எடுக்காமலே எடுத்த மாதிரி ஒரு குரல். மாடக்கண்ணு இரண்டு தரம் செருமினார். சம்மதமா மக்கா, சொல்லு என்றார்.

பிரேமலதாவுக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது. அவள் தொழிலில், எல்லாரும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் கை சுவிட்சுக்குத்தான் போகும். போய்விட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

"எனக்குப் பிடிச்சிருக்கு."

கடற்கரை கேட்டது. நாழிக்கிணற்றில் தீர்த்தமாட நின்ற வரிசை கேட்டது. பஸ் நிலையத்துப் பக்கம் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயும் அதைச் சொல்லியது. எங்கிருந்தோ ஒருவர், எதற்கு என்று தெரியாமலே, அரோகரா என்றார். கடற்கரை முழுக்க அரோகரா போட்டது. மணிராஜின் அம்மா எழுந்து மகன் தலையைத் தடவி, முடி வீணாகவில்லை என்றாள். பேச்சித்தாய் அந்த நிமிஷம் வரை கட்டாத பட்டுச்சேலைக்காக அழுதாள்.

ஊர் திரும்புகிற பஸ்ஸில், ஆழ்வார்திருநகரி தாண்டும்போது பிரேமலதா தனக்குத்தானே சிரித்தாள். இவ்வளவு காலமும் எழுவாயாக வேண்டும் என்று நின்றவள், சமயம் வந்தபோது எனக்கு என்றுதான் சொன்னாள், நாலாம் வேற்றுமையில். பசியும் தூக்கமும்போல, பிடித்தலையும் நம் மொழியில் யாரும் போய்ச் செய்ய முடியாது, அதுவாக நம்மிடம் வந்து சேருகிறது. போகட்டும், இந்த ஒரு நாலாம் வேற்றுமைக்கு அவளுக்கு ஆட்சேபணை இல்லை.

ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைத் தலையில் சீப்பு நிற்கிற அளவுக்கு முடி வந்திருந்தது. இப்போது ஏரலில் இருக்கிறாள், அண்ணாச்சியின் மைக்கை விடவில்லை. விசேஷ நாள்களில் பந்தலில் அவள் இருப்பாள். கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு மணிராஜும் வந்து ஒயர் சரிபார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு சுற்றுவான். அவன் கண்ணில் படாவிட்டால் அவள் மைக்கை எடுத்து, ஏரல் மணிராஜ் அவர்களே, உங்களைக் காணோம் என்பாள். எத்தனை பெரிய கூட்டமானாலும் கையைத் தூக்கிக்கொண்டு அவன் வந்துவிடுவான்.

முதல் தடவை அதைக் கேட்டபோது பேச்சித்தாய் பதறிப்போனாள். புருஷன் பெயரை இப்படிக் குழாய் வைத்துக் கூப்பிடுகிறாயே, அவர் ஆயுசு என்னத்துக்கு ஆகும் என்றாள். பிரேமலதா மைக்கை அணைத்தாள்.

"இந்தக் கடக்கரையில எத்தன பேரக் கூப்பிட்டிருக்கேன் நான். கூப்பிட்டவிய எல்லாம் வந்து சேந்துதாம்மா பாத்திருக்கேன். ஒருத்தரும் குறஞ்சு பாத்ததில்ல."

பேச்சித்தாய் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பினாள். பிறகு சேலைத்தலைப்பை வாயிலிருந்து எடுத்து, அலைச் சத்தத்துக்குள் ஒரு பெயரை முணுமுணுத்தாள்.